சரத்தை முழு எண்ணாக்கும் ஃபங்ஷனைச் சோதிப்பது எப்படி: டெல்டா கணக்குகளோடு ஒரு தொடக்க வழிகாட்டி

பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் படித்தவர்களுக்கு இன்ட் ஃபங்ஷன் பழகிப்போன ஒன்று. இன்புட்டில் வாங்கிய சரத்தை அதற்குள் போட்டால் முழு எண்ணாக வெளியே வரும். பிறகு கூட்டலாம், பெருக்கலாம். "இதைப் போய் ஏன் சோதிக்க வேண்டும், மொழியை உருவாக்கியவர்களே சோதித்திருப்பார்களே" என்று கேட்கத் தோன்றும். சோதித்துத்தான் இருக்கிறார்கள், அதுவும் விரிவாக. ஆனால் "1,25,000" என்ற சரத்தைக் கொடுத்தால் என்ன வரும் என்று உடனே சொல்ல முடிகிறதா? "2023_24" கொடுத்தால்? "௧௨" கொடுத்தால்? ஓட்டிப் பார்ப்பதற்கு முன் மூன்றுக்கும் உங்கள் பதிலை ஒரு தாளில் எழுதி வையுங்கள். விடை கீழே வரும்.

சோதனை எழுதக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. டேட்டாபேஸ் வேண்டாம், நெட் இணைப்பு வேண்டாம். ஒரு சரம் உள்ளே போகிறது, ஒரு எண் வெளியே வருகிறது, அல்லது பிழை வருகிறது. அந்த "அல்லது"தான் முக்கியம். எண்ணாக்கும் ஃபங்ஷனிடம் நான் முதலில் பார்ப்பது, புரியாத சரத்தைக் கண்டால் புரியவில்லை என்று சத்தமாகச் சொல்கிறதா என்பதைத்தான். பிழை வந்தால் நிரல் நின்றுவிடும், யாராவது வந்து பார்ப்பார்கள். தவறான எண் வந்தாலோ யாருக்கும் தெரியாமல் மொத்தக் கணக்கில் கலந்துவிடும்.

எடுத்துக்காட்டுகளை எல்லாம் நம் பக்கத்துக் கணக்கிலிருந்தே எடுத்திருக்கிறேன். மேட்டூர் நீர்வரத்து, கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து போகும் தண்ணீரின் கன அடி, கொள்முதல் நிலையத்து மூட்டை எண்ணிக்கை, பட்டாவில் இருக்கும் சர்வே எண். தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ கல்லூரி புராஜெக்ட் செய்கிறவர் கையில் இந்த மாதிரித் தரவுதான் வந்து சேரும். ஃபங்ஷன் பெயர்களை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

படி 1: முதலில் அட்டவணை, அப்புறம் நிரல்

ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: கொடுக்கும் சரம், எதிர்பார்க்கும் விடை, காரணம். காரணப் பத்தியை வெறுமையாக விடக் கூடாது. "ஓட்டிப் பார்த்தேன், இப்படி வந்தது" என்பது காரணம் ஆகாது. ஓட்டிப் பார்த்து வந்த விடையையே எதிர்பார்ப்பாக எழுதிவிட்டால், அந்தச் சோதனை இன்று எப்படி நடக்கிறதோ அப்படியே நடக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். பைத்தான் பதிப்பை மாற்றும்போது எது மாறியது என்று பார்க்க அதுவும் உதவும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கற்றுக்கொள்ளும் காலத்தில் முன்கூட்டியே ஊகித்து எழுதுவதில்தான் பாடம் இருக்கிறது.

ஊகிக்க அடிப்படை வேண்டும். பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணத்தில் இன்ட் பற்றிய பகுதியை ஒரு முறை பொறுமையாகப் படியுங்கள். சுருக்கம் இதுதான்: சரத்தின் முன்னும் பின்னும் வெற்றிடம் இருக்கலாம், நடுவில் கூடாது. ஒரே ஒரு கூட்டல் அல்லது கழித்தல் குறி முன்னால் வரலாம். அதற்கும் இலக்கத்துக்கும் நடுவே இடைவெளி கூடாது. இலக்கங்களுக்கு நடுவில் ஒற்றை அடிக்கோடு வரலாம். அடிமானம் சொல்லாவிட்டால் பத்து. சரம் இந்த விதிக்குள் அடங்காவிட்டால் வேல்யூஎரர். சரமே இல்லாமல், மதிப்பு எதுவும் இல்லை என்பதைக் குறிக்கும் நன் (None) என்பதைக் கொடுத்தால் டைப்எரர்.

படி 2: சோதனைக் கோப்பு

கல்லூரி லேப் கணினியில் புதிதாக எதையும் நிறுவ விடமாட்டார்கள். அதனால் பைத்தானோடு சேர்ந்தே வரும் யூனிட்டெஸ்ட்டைப் பயன்படுத்துங்கள். கோப்பின் பெயர் டெஸ்ட் என்ற சொல்லில் தொடங்கட்டும். டெஸ்ட்கேஸ் என்ற கிளாஸிலிருந்து உங்கள் கிளாஸை எடுத்து, அதற்குள் டெஸ்ட் என்று தொடங்கும் மெத்தட்களை எழுத வேண்டும். சரியான விடையைப் பார்க்க அஸர்ட்ஈக்வல், பிழை வருகிறதா என்று பார்க்க அஸர்ட்ரெய்ஸஸ். இந்த இரண்டும் போதும்.

அட்டவணையை ஒரு லிஸ்ட்டாக வைத்து, ஃபார் லூப்பில் ஓட்டுங்கள். ஒவ்வொரு வரியையும் சப்டெஸ்ட் என்ற வித் பிளாக்குக்குள் வைப்பது நல்லது. இல்லாவிட்டால் நான்காவது வரி தோற்றவுடன் லூப் அங்கேயே நின்றுவிடும். ஐந்தாவதிலிருந்து கடைசி வரை என்ன ஆனது என்று தெரியாது.

புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, அஸர்ட்ரெய்ஸஸ் போட்ட ஒரே வித் பிளாக்குக்குள் இரண்டு மூன்று இன்ட் அழைப்புகளை வரிசையாக எழுதுவது. முதல் அழைப்பில் பிழை எழுந்ததுமே பிளாக் முடிந்துவிடும், மற்ற அழைப்புகள் ஓடவே ஓடாது. சோதனை பச்சையாக, அதாவது தேறியதாகத் தெரியும், உண்மையில் ஒரு சரத்தைத்தான் சோதித்திருப்பீர்கள். ஒரு பிளாக்குக்கு ஓர் அழைப்பு, அவ்வளவுதான். இன்னொன்று, பைத்தானில் 12-ம் 12.0-ம் சமம், ட்ரூவும் 1-ம் சமம். ஆகவே அஸர்ட்ஈக்வல் மட்டும் போட்டால், முழு எண்ணுக்குப் பதில் தசம எண் திரும்பி வந்தாலும் சோதனை தேறிவிடும். விடையின் டைப் இன்ட்தானா என்று இன்னொரு வரியில் பாருங்கள். இன்ட்டுக்கு இது தேவைப்படாது. நாளைக்கு நீங்களே எழுதும் ஃபங்ஷனுக்குத் தேவைப்படும்.

படி 3: ஏற்க வேண்டியவை

இந்தப் பகுதியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். "0", "1", "9", "10", "99", "100" ஆகியவற்றோடு தொடங்குங்கள். 9-ஐயும் 99-ஐயும் விட்டுவிடாதீர்கள். இலக்கமா என்று பார்க்கும் இடத்தில் "9 வரை" என்பதற்குப் பதில் "9-க்குக் கீழே" என்று எழுதிவிடுவது நிரலர்கள் வழக்கமாகச் செய்யும் பிசகு. அதைப் பிடிப்பது இந்த இரண்டு சரங்கள்தான்.

பைத்தானின் மூலக் குறிமுறையில் டெஸ்ட்_இன்ட் என்றொரு கோப்பு இருக்கிறது. இன்ட்டுக்காகப் பைத்தான்காரர்கள் எழுதிய சோதனை அது. திறந்து பார்த்தால் ஒரு நல்ல உத்தி கிடைக்கும். சரமும் விடையும் கொண்ட ஒரு சிறிய பட்டியலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னால் குறி இல்லாமல், கூட்டல் குறியோடு, கழித்தல் குறியோடு என்று மூன்று விதம். அதற்கும் முன்னால் வெற்றிடம் இல்லாமல், ஒரு இடைவெளியோடு, டேபோடு, இரண்டும் கலந்து என்று நான்கு விதம். இப்படிப் பெருக்கிக்கொண்டே போகிறார்கள். பத்து வரி அட்டவணை 120 சோதனை ஆகிவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: பட்டியலில் ஏற்கனவே முன்னால் இடைவெளி உள்ள சரத்துக்குக் குறி சேர்த்தால் "- 314" என்று ஆகும்; அது பிழையாக வர வேண்டும். அதற்குத் தனியாக ஏற்பாடு செய்திருப்பதையும் அந்தக் கோப்பிலேயே பார்க்கலாம். உங்கள் கணினியிலேயே இந்தச் சோதனையை ஓட்டலாம்: பைத்தான் கட்டளைக்குப் பின் ஹைஃபன் எம், டெஸ்ட், டெஸ்ட்_இன்ட் என்று கொடுத்தால் போதும். சில லினக்ஸ்களில் சோதனைக் கோப்புகள் தனிப் பொதியாக வரும், அதை நிறுவிக்கொள்ள வேண்டியிருக்கும்.

"-0" என்ற சரத்தையும் சேருங்கள். விடை 0. "007"-க்கு 7.

படி 4: மறுக்க வேண்டியவை

"" என்ற வெற்றுச் சரம், வெறும் இடைவெளி மட்டும் உள்ள சரம், "+" மட்டும், "-" மட்டும், "--5", "5-", "4 2", "12.5". எல்லாமே வேல்யூஎரர். கடைசியில் சொன்னதற்கு ஒரு சின்னக் குறிப்பு: சரமாக இல்லாமல் 12.5 என்ற தசம எண்ணையே இன்ட்டுக்குக் கொடுத்தால் பிழை வராது, 12 வரும். மேற்கோள் குறி இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. மேட்டூர் நீர்மட்டத்தை அடிக்கணக்கில் "118.45" என்று கோப்பிலிருந்து படித்தால் நிரல் நிற்கும். அதையே யாராவது முன்னால் தசம எண்ணாக மாற்றி வைத்திருந்தால் 118 என்று சத்தமில்லாமல் சுருங்கும்.

பிறகு கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள். தெரியாது என்பதாலேயே இவற்றை நேராக அடிக்காமல், சிஹெச்ஆர் ஃபங்ஷனில் யூனிகோட் எண்ணைக் கொடுத்து உருவாக்குங்கள். வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்தால் ஒட்டிக்கொண்டு வரும் பிரியா இடைவெளி 160. பைத்தான் இதை வெற்றிடமாகவே எடுத்துக்கொள்ளும், ஓரத்தில் இருந்தால் எண்ணாகிவிடும். அகலமே இல்லாத இடைவெளி 8203. இதைப் பைத்தான் வெற்றிடமாகக் கருதுவதில்லை, பிழைதான். எக்ஸெலில் யுடிஎஃப்-8 சிஎஸ்வி என்று சேமித்த கோப்பின் தொடக்கத்தில் 65279 என்ற எழுத்து உட்கார்ந்திருக்கும். தலைப்பு வரி இல்லாத கோப்பாக இருந்தால் முதல் எண் மட்டும் பிழை காட்டும், மற்றவை சரியாக ஓடும். காரணம் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். கோப்பைத் திறக்கும்போது குறியாக்கத்தை யுடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் தீர்ந்தது. கணிதப் புத்தகங்களில் அச்சிடும் கழித்தல் குறி 8722. அது விசைப்பலகையில் இருக்கும் ஹைஃபன் அல்ல, பைத்தான் ஏற்காது.

இந்த மாதிரி சரங்கள் தோற்கும்போது செய்தியில் சரத்தை அப்படியே காட்டாமல் அஸ்கி என்ற ஃபங்ஷன் வழியாகக் காட்டச் சொல்லுங்கள். மறைந்திருக்கும் எழுத்து தன் எண்ணோடு வெளியே வரும்.

படி 5: நம் ஊர்ச் சரங்கள்

இதுவரை சொன்னது எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்கும். இனிமேல் வருவதை நீங்களேதான் எழுத வேண்டும், ஏனென்றால் உங்கள் தரவு எப்படி வரும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

முதலில் காற்புள்ளி. வெள்ளக் காலத்து நீர்வரத்தை "1,25,000 கன அடி" என்றுதான் எழுதுவோம். அலகை நீக்கினாலும் "1,25,000" என்பது இன்ட்டுக்குப் பிழை. நல்லதுதான். உடனே எல்லோரும் செய்வது, ரீப்ளேஸ் போட்டுக் காற்புள்ளிகளை எல்லாம் தூக்கிவிட்டுத் திரும்ப இன்ட்டுக்குக் கொடுப்பது. நீர்வரத்துக்கு இது சரி. அதே வரியை நகலெடுத்துச் சர்வே எண் பத்திக்கும் போட்டால் என்ன ஆகும்? "45,46" என்று இரண்டு சர்வே எண்களை ஒரே கட்டத்தில் எழுதியிருப்பார்கள். நிரல் அதை 4546 என்ற ஒரே எண்ணாக ஆக்கிவிடும். பிழை ஏதும் வராது. அந்த எண்ணில் ஒரு நிலம் அந்தக் கிராமத்தில் இல்லாமல் போகலாம், இருந்தாலோ இன்னும் மோசம். காற்புள்ளியை நீக்கும் முன், அது நம் முறையில் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்: வலப்பக்கம் கடைசி மூன்று இலக்கம், அதற்கு முன் இரண்டிரண்டாக. "1,25,000" ஏற்க வேண்டும். "45,46" மறுக்க வேண்டும். "125,000" என்று மேல்நாட்டு முறையில் வந்தால் ஏற்பதா மறுப்பதா என்பதை நீங்கள் முடிவு செய்து, காரணப் பத்தியில் எழுதுங்கள். லோகேல் மாட்யூலில் ஏடாய் என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். அது அந்தந்த நாட்டு அமைப்பின்படி பிரிப்புக் குறியை நீக்குமே தவிர, குறி சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

சர்வே எண்ணை எண்ணாக்கவே கூடாது என்பது என் கருத்து. "45/2ஏ" என்று உட்பிரிவோடு வரும் ஒன்று எப்படி முழு எண்ணாகும்? பின்கோடும் அப்படித்தான். கும்பகோணத்துக்கு 612001 என்பதை "612 001" என்று இடைவெளி விட்டு எழுதுகிறவர்கள் நிறைய. இன்ட் மறுத்துவிடும். பின்கோடுகளைக் கூட்டப்போவதில்லை, பெருக்கப்போவதில்லை. சரமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். டோக்கன் எண் "0042" என்று இருந்தால் இன்ட் அதை 42 ஆக்கும். சீட்டில் இருப்பதோடு ஒப்பிட்டால் பொருந்தாது.

அடுத்து அடிக்கோடு. மேலே கேட்ட "2023_24" நினைவிருக்கிறதா? விடை 202324. பைத்தான் 3.6 பதிப்பிலிருந்து இலக்கங்களுக்கு நடுவே அடிக்கோடு போடலாம் என்று ஆக்கினார்கள். நிரலுக்குள் பெரிய எண்களைப் படிக்க எளிதாக 1_000_000 என்று எழுதுவதற்காக வந்த வசதி அது. இன்ட்டும் அதையே ஏற்கத் தொடங்கியது. எங்கே போட வேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லை. "1__000" என்று இரட்டையாகவோ, "_1" என்று முன்னாலோ, "1_" என்று பின்னாலோ இருந்தால்தான் பிழை. பருவ ஆண்டைக் கோப்புப் பெயரில் "குறுவை_2023_24" என்று வைத்து, பின்பகுதியை வெட்டி எடுத்து எண்ணாக்குகிறவர்கள் இதில் மாட்டுவார்கள். "2023-24" என்று ஹைஃபன் போட்டிருந்தால் பிழை வந்து காப்பாற்றியிருக்கும். 3.5 பதிப்பில் இந்தச் சரத்துக்குப் பிழை வர வேண்டும் என்று எழுதிய சோதனை ஒன்று இருந்திருந்தால், 3.6-க்கு மாறிய அன்றே சிவப்பு காட்டியிருக்கும். ஸ்டாண்டர்டு லைப்ரரிக்கு நாம் ஏன் சோதனை எழுத வேண்டும் என்பதற்கு இது ஒன்றே எனக்குப் போதும்.

இப்போது தமிழ் இலக்கங்கள். "௧௨" கொடுத்தால் இன்ட் 12 என்று சொல்லும். யூனிகோடில் தசம இலக்கம் என்று வகைப்படுத்திய எதையும் பைத்தான் ஏற்கும். தமிழில் ௦ முதல் ௯ வரை யூனிகோட் எண் 3046-லிருந்து 3055 வரை இருக்கிறது. "௧2" என்று கலந்து கொடுத்தாலும் 12தான். பத்து, நூறு, ஆயிரத்துக்கான ௰, ௱, ௲ ஆகியவை தசம இலக்கம் என்ற வகையில் சேராதவை. பழைய பத்திரங்களில் 125-ஐ "௱௨௰௫" என்று எழுதியிருப்பார்கள். அதை அப்படியே தட்டச்சு செய்து கொடுத்தால் வேல்யூஎரர். "௧௨௫" என்று கொடுத்தால் 125. மா, காணி போன்ற பின்னங்களுக்கான குறிகள் 2019-இல்தான் யூனிகோடுக்குள் வந்தன. அவையும் இலக்கங்கள் அல்ல, பிழைதான். வேலிக் கணக்கில் எழுதிய பழைய நில ஆவணங்களைத் தட்டச்சு செய்யும் வேலை கையில் இருந்தால், இந்தச் சரங்களை எல்லாம் அட்டவணையில் ஏற்றுங்கள்.

இதிலேயே இன்னொரு கண்ணி. ௧-ம் க-வும், ௨-ம் உ-வும், ௪-ம் ச-வும், ௭-ம் எ-வும், ௮-ம் அ-வும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். தட்டச்சு செய்கிறவர் விசைப்பலகையில் இலக்கத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்காமல் எழுத்தையே அடித்திருப்பார். க என்ற எழுத்து 2965, ௧ என்ற இலக்கம் 3047. "உக" என்ற சரத்தை இன்ட் மறுக்கிறது என்பதற்கு ஒரு வரி, "௨௧" 21 ஆகிறது என்பதற்கு ஒரு வரி. இவற்றையும் சிஹெச்ஆர் வழியாகவே எழுதுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்துக் கோப்பைத் திறக்கிறவருக்கு இரண்டு வரியும் ஒன்றாகத்தான் தெரியும்.

முன்கூட்டியே வடிகட்டுகிறேன் என்று இஸ்டிஜிட் போடுகிறவர்களும் உண்டு. மேலே ஏற்றிய "²" என்ற குறிக்கு இஸ்டிஜிட் ஆம் என்று சொல்லும், இன்ட் பிழை என்று சொல்லும். "௰"-க்கு இஸ்நியூமரிக் ஆம் என்று சொல்லும், இன்ட் அங்கேயும் மறுக்கும். இன்ட் ஏற்கும் இலக்கங்களோடு ஒத்துப்போவது இஸ்டெசிமல்தான். அதுவும் "-5"-க்கு இல்லை என்று சொல்லும், குறியைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

தமிழ் இலக்கத்தை உங்கள் நிரல் ஏற்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. ஏற்பதென்றால், மாற்றிய எண்ணைச் சேமியுங்கள், வந்த சரத்தைச் சேமிக்காதீர்கள். பைத்தானில் தேறிய "௧௨" ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் போனால் எண்ணே அல்ல என்று திரும்பிவிடும். வேண்டாமென்றால் இஸ்அஸ்கி, இஸ்டெசிமல் இரண்டும் ஆம் என்று சொல்லும் சரங்களை மட்டும் உள்ளே விடுங்கள். அடிக்கோட்டுத் தொல்லையும் அதிலேயே போய்விடும்.

படி 6: பெரிய எண்கள்

மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. ஆக, கன அடியில் எழுதினால் 93470000000. குறி உள்ள 32 பிட் எண்ணில் அடங்கும் பெரிய மதிப்பு 2147483647. அதாவது மூன்று டி.எம்.சி. தண்ணீரைக்கூட அதில் எழுத முடியாது. பைத்தானில் முழு எண்ணுக்கு அளவு வரம்பு இல்லை என்பதால் இது தெரியவே தெரியாது. ஜாவாவில் இன்டீஜர் கிளாஸின் பார்ஸ்இன்ட்டுக்கு இந்தச் சரத்தைக் கொடுத்தால் நம்பர்ஃபார்மட் எக்ஸெப்ஷன் எழும். லாங் கிளாஸின் பார்ஸ்லாங் ஏற்கும். எந்த மொழியானாலும் எல்லையில் நான்கு சரங்கள் வையுங்கள்: "2147483647", "2147483648", "-2147483648", "-2147483649". மூன்றாவது ஏற்கப்பட வேண்டும். முதலில் நேர் எண்ணாகச் சேர்த்துக்கொண்டு கடைசியில் குறியை மாற்றும் ஃபங்ஷன்கள் அங்கேதான் தவறும். 64 பிட்டுக்கு 9223372036854775807-ஐ வைத்து இதே மாதிரி.

பைத்தானுக்கும் எல்லைச் சோதனை தேவைதான். பெரும்பாலான கணினிகளில் அது முழு எண்ணை உள்ளே 30 பிட் துண்டுகளாக வைக்கிறது. 1073741823, 1073741824 இரண்டையும் சேருங்கள்.

சரத்தின் நீளத்துக்கு மட்டும் ஒரு வரம்பு உண்டு. பத்தடிமானத்தில் 4300 இலக்கத்துக்கு மேல் இருந்தால் வேல்யூஎரர். சரம் நீளமாக நீளமாக மாற்றும் நேரம் அதைவிட வேகமாகக் கூடும் என்பதைப் பயன்படுத்தி ஒரு வழங்கியை முடக்கிவிடலாம் என்பதால், 2022 செப்டம்பரில் 3.10.7 உள்ளிட்ட பதிப்புகளில் இதைச் சேர்த்தார்கள், 3.11-இலும் இருக்கிறது. "1"-ஐ 4300 முறை அடுத்தடுத்து எழுதிய சரம் எண்ணாக வேண்டும், 4301 முறை எழுதியது பிழை தர வேண்டும். குறியும் அடிக்கோடும் கணக்கில் சேராது. இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு அடிமானங்களுக்கு இந்த வரம்பே இல்லை. எண்ணைச் சரமாக்கும்போதும் இதே வரம்பு உண்டு, அதனால் தோற்ற சோதனை தன் செய்தியை அச்சிடப் போய் அங்கே இன்னொரு பிழை எழலாம்.

அடிமானத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 0, அல்லது 2 முதல் 36 வரை. 1-ம் 37-ம் பிழை. அடிமானம் 0 என்றால் சரத்தின் முன்னொட்டைப் பார்த்துத் தானே முடிவு செய்யும். அப்போது "010" பிழை, சாதாரணமாகக் கொடுத்தால் 10. பைத்தான்காரர்களின் சோதனைக் கோப்பில் 4294967296 என்ற ஒரே எண்ணை 2 முதல் 36 வரை எல்லா அடிமானத்திலும் எழுதி ஒப்பிட்டிருக்கிறார்கள். அதையே நீங்களும் எடுத்துக்கொள்ளலாம்.

படி 7: போய் வரும் சோதனை

கையால் எழுதும் சரங்கள் நம் கற்பனைக்கு எட்டியவை மட்டுமே. ஏதாவது ஒரு முழு எண்ணை எடுத்து, எஸ்டிஆர் மூலம் சரமாக்கி, இன்ட் மூலம் திரும்ப எண்ணாக்கினால் பழைய எண்ணே வர வேண்டும். ரேண்டம் மாட்யூலில் ஒரு விதை எண்ணை (தற்செயல் எண்களின் வரிசையைத் தீர்மானிக்கும் தொடக்க எண்) நிலையாக வைத்து ஆயிரம் எண்களுக்கு ஓட்டுங்கள். விதையை நிலையாக வைக்காவிட்டால், ஒரு நாள் தோற்ற சோதனை மறுநாள் தேறிவிடும், எந்த எண்ணில் தோற்றது என்று பிடிக்க முடியாது. சொந்தக் கணினி இருந்தால் ஹைப்போதீசிஸ் என்ற லைப்ரரியை நிறுவிக்கொள்ளுங்கள். அது எண்களைத் தானே உருவாக்கும், தோற்றால் தோற்கக்கூடிய மிகச் சிறிய எடுத்துக்காட்டைத் தேடித் தரும்.

எதிர்த்திசையில் இது செல்லாது. சரத்தை எண்ணாக்கி மறுபடி சரமாக்கினால் பழைய சரம் வரும் என்று எழுதிவிடாதீர்கள். "+5", "007", " 5", "௫" எல்லாமே அதில் தோற்கும்.

படி 8: வேறு மொழிக்கு அட்டவணையைத் தூக்கிக்கொண்டு போவது

அதே அட்டவணை, வேறு மொழி, விடைப் பத்தி மட்டும் மாறும். எங்கே மாறுகிறது என்று பார்ப்பதில்தான் சுவாரசியம்.

ஜாவாவின் பார்ஸ்இன்ட் முன்பின் வெற்றிடத்தை ஏற்காது; " 42" பிழை. தமிழ் இலக்கத்தை ஏற்கும்.

ஜாவாஸ்கிரிப்டின் பார்ஸ்இன்ட் முடிந்த வரை படித்துவிட்டு மீதியைக் கண்டுகொள்ளாது. "45/2ஏ" கொடுத்தால் 45. "1,25,000" கொடுத்தால் 1. ஒன்றேகால் லட்சம் கன அடி வெள்ளம் ஒரே ஒரு கன அடியாகிவிட்டது, பிழைச் செய்தி கிடையாது. நம்பர் என்ற ஃபங்ஷன் இந்த இரண்டையும் எண்ணல்ல என்று சொல்லிவிடும், ஆனால் வெற்றுச் சரத்துக்கு 0 தரும். மூட்டை எண்ணிக்கையை நிரப்பாமல் விட்டவர் பெயரில் பூஜ்யம் மூட்டை பதிவாகும். "10" மூன்று உள்ள ஒரு அரேயில் மேப் வழியாகப் பார்ஸ்இன்ட்டை ஓட்டினால் 10, எண்ணல்ல, 2 என்று வரும். மேப் இரண்டாவதாக அனுப்பும் வரிசை எண்ணைப் பார்ஸ்இன்ட் அடிமானம் என்று எடுத்துக்கொள்வதால் வரும் வினை அது.

சி மொழியில் ஏடாய் வேண்டவே வேண்டாம். "0" கொடுத்தாலும் 0, "நெல்" கொடுத்தாலும் 0; வேறுபாடு தெரியாது. இன்ட் அளவுக்கு மீறிய எண்ணைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று தரநிலை எந்த உத்தரவாதமும் தருவதில்லை, அதனால் அதற்குச் சோதனையே எழுத முடியாது. ஸ்ட்ர்டோலை எடுங்கள். அழைப்பதற்கு முன், பிழை எண்ணை வைத்திருக்கும் எர்நோவைப் பூஜ்யமாக்குங்கள். அழைத்த பின் மூன்று விஷயம் பாருங்கள்: முடிவுச் சுட்டி தொடங்கிய இடத்திலேயே நின்றால் ஒரு இலக்கமும் படிக்கவில்லை, சரத்தின் முடிவுக்கு வராமல் நடுவில் நின்றால் மீதிக் குப்பை இருக்கிறது, எர்நோவில் ஈரேஞ்ச் இருந்தால் எண் அளவு மீறியது. இன்னொன்று: 64 பிட் லினக்ஸில் லாங் 64 பிட், விண்டோஸில் 32 பிட். மேட்டூர்க் கொள்ளளவு ஒன்றில் சரியாக வரும், மற்றதில் 2147483647 என்று முட்டி நிற்கும். அட்டவணையில் அந்த வரியை இரண்டு கணினியிலும் ஓட்டிப் பாருங்கள்.

படி 9: வேண்டுமென்றே கெடுத்துப் பார்ப்பது

எல்லாம் பச்சையாக இருக்கிறது. சோதனை வலுவானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்ட்டைப் பயன்படுத்தாமல், சரத்தை ஒவ்வொரு எழுத்தாகப் படித்து எண்ணாக்கும் ஒரு ஃபங்ஷனை நீங்களே எழுதுங்கள். பத்துப் பதினைந்து வரிதான் ஆகும். சோதனையில் இன்ட் இருக்கும் இடத்தில் அதைப் போட்டு, எல்லாம் தேறும் வரை திருத்துங்கள். அடிக்கோட்டை ஏற்பது, தமிழ் இலக்கம் ஆகியவற்றை முதலில் விட்டுவிட்டு அந்த வரிகளைத் தனி மெத்தடாக ஒதுக்கிக்கொள்ளலாம்.

பிறகு ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு பிழையைப் புகுத்துங்கள். வெற்றுச் சரத்துக்கு 0 திருப்பச் சொல்லுங்கள். புரியாத எழுத்து வந்தால் பிழை எழுப்பாமல் அதுவரை சேர்ந்த எண்ணையே திருப்பச் சொல்லுங்கள். கூட்டல் குறியை மறந்துவிடுங்கள். "-" மட்டும் வந்தால் 0 ஆகட்டும். 9 என்ற இலக்கத்தை விலக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் சோதனை சிவப்பாக வேண்டும். ஏதாவது ஒரு பிழைக்குப் பச்சையே தொடர்ந்தால், அதைப் பிடிக்கும் சரம் அட்டவணையில் இல்லை. அந்தச் சரத்தைக் காரணத்தோடு எழுதிச் சேர்த்துவிட்டு, பிழையை நீக்கி, அடுத்ததைப் புகுத்துங்கள்.